வின்டோஸ், மக், லினக்ஸ் ஒரே வலையமைப்பில்: கோப்பு ஏன் ஊர்கிறது?

வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. யாழ்ப்பாணத்து அச்சகம், வீடியோ கலையகம், கணக்கு அலுவலகம் போன்ற சிறு இடங்களில் எல்லாக் கணினியும் ஒரே இனமாக இருந்த காலமும் அத்துடன் கழிகிறது. புதிதாக வாங்கியது வின்டோஸ் 11 உடன் வருகிறது. வின்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய பெட்டிக்கு யாரோ ஒருவர் லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவி, அதைக் கோப்புக் களஞ்சியமாக்கிவிடுகிறார். வடிவமைப்பாளரின் மேசையில் முன்பிருந்தே ஒரு மக் இருக்கிறது. மூன்றும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில் சேர்ந்த அன்றே முறைப்பாடும் தொடங்குகிறது: வின்டோஸுக்கும் வின்டோஸுக்கும் இடையில் பறந்த கோப்பு, லினக்ஸுக்குப் போகும்போது ஊர்கிறது.

"லினக்ஸ் என்றால் அப்படித்தான்" என்பதே இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதற்கு அடுத்தபடியாக, எங்கோ கண்டெடுத்த பத்துப் பன்னிரண்டு அமைப்பு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிடுவது நடக்கிறது. வேகக் குறைவு தோன்றும் விதத்திலேயே அதன் காரணம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் அமைப்புகளில் கைவைத்தால், பழைய பிழையுடன் புதிய பிழையும் சேரும். அந்த அடையாளங்களை எப்படிப் படிப்பது என்பதையே இங்கு விளக்குகிறோம். பேசப்படுவது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் வலையமைப்பு மாத்திரமே. இணைய இணைப்பின் கட்டணத் திட்டத்தை உயர்த்துவதால் இதில் எந்த மாற்றமும் வராது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் கோப்பு இணையத்தைத் தொடுவதே இல்லை.

இரண்டு அளவுகள்

வலையமைப்பின் வேகம் பிற்றுகளில் சொல்லப்படுகிறது; கோப்பின் அளவு பைற்றுகளில் சொல்லப்படுகிறது. எட்டுப் பிற்று ஒரு பைற்று. எனவே செக்கனுக்கு 100 மெகாபிற்று இணைப்பில் கணக்கின்படி 12.5 மெகாபைற்று போகவேண்டும். தரவுடன் கூடச் செல்லும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்கான பங்கைக் கழித்தால் கையில் கிடைப்பது 11 மெகாபைற்றை ஒட்டியது. 1000 மெகாபிற்று, அதாவது கிகாபிற்று இணைப்பில் அது 110 மெகாபைற்றைச் சுற்றி நிற்கும். நான்கு கிகாபைற்று அளவுள்ள ஒரு திருமண வீடியோ முதலாவதில் ஏறக்குறைய ஆறு நிமிடம் எடுக்கும். இரண்டாவதில் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும்.

மற்றைய அளவு தாமதம். ஒரு சிறு பொதி, அதாவது தரவின் ஒரு துண்டு, போய், பதில் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. கம்பி வழியாக ஒரே அறைக்குள் இது ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. வைபையில் சில மில்லிசெக்கன்கள், நெரிசலில் பல மடங்கு. அகலமான வீதியில் ஒரே நேரத்தில் பல வாகனங்கள் போகலாம் என்பது முதலாவது அளவு. ஒரு வாகனம் போய்த் திரும்ப எத்தனை நேரம் என்பது இரண்டாவது. பெரிய கோப்பு ஒன்றுக்கு வீதியின் அகலம் முக்கியம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்குப் போய்த் திரும்பும் நேரமே முக்கியம்.

கோப்பு கடக்கும் நான்கு படிகள்

ஒரு கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நான்கு படிகளைக் கடக்கிறது. அடியில் கம்பியோ வைபை அலையோ இருக்கிறது. அதன்மேல், தரவைப் பொதிகளாக்கி, வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் ரிசிபி. அதற்கும் மேலே, "இந்தக் கோப்பைத் திற, இதை வாசி, இதை மூடு" என்று கணினிகள் உரையாடும் நெறிமுறை. வின்டோஸ் உலகில் இதன் பெயர் எஸ்எம்பி. உச்சியில் கோப்பு உண்மையில் வாழும் வட்டும், அதை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையும்.

அடிப்படியில் பணிசெயல் முறைமைகளுக்கு இடையே வேறுபாடு எதுவும் இல்லை. செப்புக் கம்பிக்கு வின்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மேலே போகப் போக வேறுபாடு கூடுகிறது. ஆகவே "வேறு முறைமை என்பதால் மந்தம்" என்ற குற்றச்சாட்டு மேல் இரண்டு படிகளில் உண்மையாக இருக்கலாம், கீழே பெரும்பாலும் பொய்யாக இருக்கும். ஆனால் நடைமுறையில் கோளாறு அதிகம் ஒளிந்திருப்பது கீழேதான்.

மந்தத்தின் ஐந்து முகங்கள்

1. வேகம் 11 மெகாபைற்றில் ஏறி, அங்கேயே அசையாமல் நிற்பது. இது கம்பியைக் காட்டுகிறது.
2. ஒரு திசையில் வேகம், மறு திசையில் மந்தம். வலையமைப்பு அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள், இருவழி ஒப்பந்தப் பிழை, எழுதுவதில் தளரும் வட்டு ஆகிய மூன்றில் ஒன்று.
3. கோப்புறையைத் திறக்கச் சில செக்கன்கள் தயக்கம், திறந்த பிறகு நல்ல வேகம். பெயரைத் தேடுவதில் நேரம் போகிறது.
4. பெரிய கோப்பு ஓடுகிறது, சிறு கோப்புகள் ஊர்கின்றன. உரையாடல் நெறிமுறை, வைரஸ் தடுப்பு, கோப்பு முறைமை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.
5. சிறு தகவல்கள் போகின்றன, பெரிய மாற்றம் தொடங்கியதும் உறைந்துவிடுகிறது. பொதியின் அளவில் சிக்கல்.

இவை தீர்ப்புகள் அல்ல, சந்தேகத்தின் திசைகள். ஆனாலும் எந்தப் படியில் தேடத் தொடங்குவது என்பதை இவை சொல்லிவிடுகின்றன.

கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால்

வலையமைப்புக் கம்பியின் முனையிலுள்ள தெளிவான பிளாஸ்ரிக் செருகியை வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் வரிசையாகத் தெரியும். பரவலான ஒழுங்கில் அவை இடமிருந்து வலமாக வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம் என அமைந்திருக்கும். 100 மெகாபிற்று இணைப்புக்கு இவற்றுள் 1, 2, 3, 6 ஆம் இடங்களிலுள்ள நான்கு போதும். அதாவது செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும். கிகாபிற்றுக்கு எட்டும் வேண்டும்.

கவனிக்கவேண்டிய இடம் இதுதான். நீலச் சோடியிலோ கபிலச் சோடியிலோ ஒரு கம்பி செருகியின் உலோகப் பல்லைச் சரியாகத் தொடாவிட்டால், இணைப்பு முற்றாக அறுந்துபோவதில்லை. பல வலையமைப்பு அட்டைகள் கிகாபிற்றுக்கு முயன்று, தோற்று, ஓசையின்றி 100 இற்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரிகிறது, மறு கணினி இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளைக்குப் பதில் வருகிறது, கோப்பும் போகிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும் இந்த நிலையில்தான் பழி புதிதாக வந்த லினக்ஸ் பெட்டியின் மீது விழுகிறது; அந்தப் பெட்டிக்கு அன்று அவசரமாக அடித்த கம்பியை எவரும் நினைப்பதில்லை. கரையோர உப்புக் காற்று செருகிகளின் உலோகத்தை மங்கச் செய்வதும், செப்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு விலையில் விற்கப்படுவதும் இங்கு கூடுதல் காரணங்கள். மாரிகால இடிமின்னலுக்குப் பிறகு சுவிட்ச்சின் ஒரு துளை மட்டும் அரைகுறையாக வேலை செய்வதும் உண்டு.

சரிபார்ப்பது எளிது. வின்டோஸில் வலையமைப்பு இணைப்பின் நிலைமைச் சாளரத்தில் "வேகம்" என்ற வரியைப் பார்க்கலாம். லினக்ஸில் ஈத்ரூல் என்ற கட்டளை வேகத்தையும் இருவழி நிலையையும் சேர்த்தே சொல்லும். மக்கில் ஈதர்நெற் அமைப்பின் வன்பொருள் பகுதியில் இதே விபரம் உண்டு. மூன்று கணினிகளிலும் 1000 என்று காட்டவேண்டும். ஒன்றில் 100 என்றிருந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் அந்தக் கம்பியை மாற்றவேண்டும். பிறகு சுவிட்ச்சின் துளையை மாற்றிப் பார்க்கவேண்டும்.

இருவழி ஒப்பந்தம் என்பது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்பதை இரு முனைகளும் தமக்குள் பேசித் தீர்மானிப்பதாகும். ஒரு முனையில் யாரோ "100, முழு இருவழி" என்று கையால் பதித்து, மறு முனையைத் தானியங்கி முறையில் விட்டுவைத்தால், பேச்சுக்குப் பதில் கிடைக்காத தானியங்கி முனை அரை இருவழி என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் இடைவிடாமல் பேச, மற்றவர் முன்னவர் ஓயும்வரை காத்திருக்க, மோதல்கள் மலியும். பிங் அழகாகப் போகும், பெரிய கோப்போ கிலோபைற்றுகளில் தவழும். தீர்வு: இரண்டு முனைகளையும் தானியங்கியில் விடுவது. "நிலையாக இருக்கட்டும்" என்று வேகத்தைக் கையால் பதிக்கும் பழக்கம் இருபது வருடத்துக்கு முந்தைய அட்டைகளுக்கு உரியது. இன்று அது நன்மையைவிடத் தீமையே செய்கிறது.

வைபை பற்றி ஒன்று மட்டும்: அது இயல்பிலேயே ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஊடகம். இரு கணினிகளும் வைபையில் இருந்தால், கோப்பு ஒரு தடவை ரவுட்டருக்கு ஏறி, இன்னொரு தடவை அதே அலையில் இறங்கவேண்டும். வேகம் பாதியாவது விதி. களஞ்சியமாகப் பயன்படும் கணினியையாவது கம்பியில் இணைக்காமல், பணிசெயல் முறைமைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

வட்டைத் தொடாமல் அளத்தல்

கோப்பை நகலெடுத்து வேகம் பார்ப்பது நான்கு படிகளையும் ஒன்றாகக் கலந்து அளப்பது போன்றது. கீழ் இரண்டு படிகளை மட்டும் பிரித்து அளக்க ஐபேர்ஃப் 3 என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு கணினியில் அதைக் கேட்பவராகவும் மற்றதில் அனுப்புபவராகவும் இயக்கினால், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பி வேகத்தைச் சொல்லும். வட்டும் எஸ்எம்பியும் இடையில் வருவதில்லை. திசையை மாற்றி இரண்டாவது தடவையும் அளக்கவேண்டும். ஒரு திசையில் மட்டும் அளந்துவிட்டு "வலையமைப்பு சரி" என்று கைகழுவுவதே இந்த வேலையில் அதிகம் நேரும் தவறு.

நல்ல கிகாபிற்று இணைப்பில் செக்கனுக்கு 940 மெகாபிற்று அளவில் காட்டும். இரு திசையிலும் இது வந்தால், கம்பி, சுவிட்ச், அட்டை, ரிசிபி யாவும் குற்றமற்றவை. தேடலை எஸ்எம்பிக்கும் வட்டுக்கும் நகர்த்தலாம். கம்பி 1000 என்று காட்டியும் இந்த எண் விழுந்திருந்தால், சந்தேகம் அட்டையின் டிரைவர் மீதும் ரிசிபி மீதும் திரும்பும். அட்டைகள் தரவைப் பொதிகளாக வெட்டும் வேலையைச் செயலியிடமிருந்து தாமே எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. சில டிரைவர்களில் அது பிழையாக இயங்கி, அனுப்பும் திசையை மட்டும் நொண்டச் செய்யும். சோதனைக்காக அதை நிறுத்தி மீண்டும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

ரிசிபி: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

ரிசிபியின் விதிகள் எல்லா முறைமைக்கும் பொது. ஆனால் பொறுமையின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. இந்த வேறுபாடு மூன்று இடங்களில் மந்தமாக வெளிப்படுகிறது.

1. காத்திருக்கும் இருவர். சிறு துண்டுகளை உடனே அனுப்பாமல், முன்பு அனுப்பியதற்கான ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) வரும்வரை சேர்த்துவைத்து அனுப்பு என்ற உத்தியை ஜோன் நேகிள் 1984 இல் முன்வைத்தார். பெறுபவர் பக்கத்திலும் ஒரு சிக்கனம் உண்டு: ஒவ்வொரு பொதிக்கும் உடனே ஒப்புகை அனுப்பாமல் சற்றுத் தாமதித்து, முடிந்தால் பதிலுடன் சேர்த்தே அனுப்புவது. தனித்தனியே இரண்டும் நல்லவை. சேர்ந்தால், அனுப்புபவர் ஒப்புகைக்காகவும், பெறுபவர் அடுத்த துண்டுக்காகவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பர். பெறுபவரின் நேரம் முடிந்ததும்தான் பூட்டுத் திறக்கும். வின்டோஸின் முந்தைய பதிப்புகளில் அந்த நேரம் 200 மில்லிசெக்கன். லினக்ஸில் குறைந்தபட்சம் 40. ஒவ்வொரு கேள்விக்கும் 200 மில்லிசெக்கன் வீணானால் செக்கனுக்கு ஐந்து கேள்விகளே நடக்கும். வலையமைப்பில் பங்கிட்டு இயங்கும் பழைய கணக்கு மென்பொருளில் ஒரு பற்றுச்சீட்டைத் திறக்கப் பத்துச் செக்கன் போவது இப்படியும் நிகழலாம். கம்பியில் நெரிசலே இருக்காது. இதே காரணத்தால்தான் ஒரே மென்பொருள் ஒரு முறைமையில் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் தோன்றுகிறது.

2. பெறும் தாங்கியின், அதாவது வரும் தரவைத் தற்காலிகமாக ஏற்கும் இடத்தின், அளவு. ஒப்புகை வருமுன் எவ்வளவு தரவை வழியில் விடலாம் என்பதைப் பெறுபவர் அறிவிக்கிறார். இன்றைய வின்டோஸ், லினக்ஸ், மக் மூன்றும் இதைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. சிக்கல் வருவது மனிதர் தலையிடும்போது. லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பாவின் அமைப்புக் கோப்பில் பெறும் தாங்கியையும் அனுப்பும் தாங்கியையும் 8192 பைற்றாகப் பதிக்கும் ஒரு வரி, "வேகம் கூட்டும் உத்தி" என்ற பெயரில் இன்றும் கைமாறி வருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: போய்த் திரும்ப ஒரு மில்லிசெக்கன் எடுக்கும் வலையமைப்பில், ஒரு தடவைக்கு 8192 பைற்று என்றால் செக்கனுக்கு 8 மெகாபைற்றுக்கு மேல் போகவே முடியாது. வைபையில் ஐந்து மில்லிசெக்கன் என்றால் அது 1.6 மெகாபைற்று. லினக்ஸ் தானாகச் செய்யும் சீராக்கத்தை அந்த வரி முடக்கிவிடுகிறது. அதை அழித்துவிடுவதே திருத்தம். வேறெதையும் அங்கே எழுத வேண்டியதில்லை.

3. பொதியின் பருமன். ஈதர்நெற் பொதியில் வழமையாக 1500 பைற்று அடங்கும். சில அட்டைகள் 9000 பைற்றுப் பெரும்பொதிகளையும் அனுமதிக்கின்றன. இரண்டு கணினிகளிலும் 9000 என்று பதித்து, நடுவிலுள்ள மலிவான சுவிட்ச் அதை ஏற்காவிட்டால், பெரிய பொதிகளைச் சுவிட்ச் எவருக்கும் சொல்லாமல் கைவிடும். பெயர்ப் பட்டியல் போன்ற சிறு பொதிகள் தப்பிப் போகும், கோப்பின் உடல் போகாது. மேலே சொன்ன ஐந்தாவது முகம் இதுதான். பிங் கட்டளையில் துண்டாடக் கூடாது என்ற தெரிவுடன் 1472 பைற்று அனுப்பிப் பார்க்கலாம். தலைப்புகளுக்கான 28 பைற்றும் சேர்ந்து அது 1500 ஆகும். 1472 போய், அதைவிடப் பெரியது போகாவிட்டால் அந்தப் பாதையின் எல்லை 1500 என்று அறியலாம். சிறிய அலுவலகத்தில் எல்லாவற்றையும் 1500 இலேயே விடுவது நல்லது. பெரும்பொதியால் கிடைக்கும் ஆதாயம் அந்த அளவு வேலையில் கண்ணுக்கும் தெரியாது.

எஸ்எம்பி: ஒரே பெயரில் பல மொழிகள்

எஸ்எம்பி 1980 களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, மைக்ரோசொப்ற்றின் கையில் வளர்ந்தது. அதே மொழியை லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை முறைமைகளுக்குக் கற்றுக்கொடுத்த மென்பொருள்தான் சம்பா. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் அதன் முதல் வடிவத்தை 1992 ஆம் ஆண்டு வெளியிட்டார். அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லொன்றை அகராதியில் தேடிக் கிடைத்த பெயர் அது.

முதற் பதிப்பு வாயாடி. ஒரு கோப்பைத் திறப்பதற்கே பல தடவை கேள்வி பதில் நடக்கும். கட்டளைகள் நூற்றுக்கும் மேல். 2006 இல் வின்டோஸ் விஸ்ராவுடன் வந்த இரண்டாம் பதிப்பு கட்டளைகளை 19 ஆகச் சுருக்கி, பல கேள்விகளை ஒரே பொதியில் அடுக்கவும், பதிலுக்காக நிற்காமல் அடுத்தடுத்து அனுப்பவும் வழிசெய்தது. மக் 2013 இல் 10.9 பதிப்பிலிருந்து இதையே முதன்மையாகக் கொண்டது. 2017 மே மாதத்தில் வொனாக்ரை என்ற தீநிரல் முதற் பதிப்பின் ஓட்டை வழியே உலகெங்கும் பரவியபின், அதே ஆண்டின் இறுதியில் வந்த வின்டோஸ் 10 பதிப்பு 1709 அந்த முதற் பதிப்பை இயல்பாக நிறுவாமல் விட்டது. சம்பாவும் 2019 இல் 4.11 பதிப்பில் அதை இயல்பு நிலையில் அணைத்தது.

இன்று கடைகளில் காணும் குழப்பத்துக்கு இந்த வரலாறே காரணம். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய போட்டோப்பிரதி இயந்திரமும், பத்து வருடப் பழைய சேமிப்புப் பெட்டியும் முதற் பதிப்பை மட்டுமே பேசும். அவற்றுக்காக யாரோ அலுவலகக் கணினிகளில் முதற் பதிப்பை மீண்டும் திறந்துவிடுகிறார். இரு முனைகளும் தமக்குத் தெரிந்த உயர்ந்த பதிப்பையே தேர்ந்துகொள்வதால் மற்றக் கணினிகளின் வேகம் இதனால் குறையாது. ஆனால் ஆபத்து எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அந்த இயந்திரத்தை மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேன் செய்ய வைப்பது இதைவிட மலிவான வழி.

வின்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, புரோ முதலான பதிப்புகளில், இன்னும் இரண்டை மாற்றியது. ஒன்று, கடவுச்சொல் இல்லாத விருந்தினராக ஒரு பகிர்வுக்குள் நுழைவதை அது இயல்பாக மறுக்கிறது. லினக்ஸ் பெட்டியில் "எல்லோருக்கும் திறந்தது" என்று அமைத்த பகிர்வு இரவோடிரவாக எட்டாமற்போனதற்கு இதுவே காரணம். வலையமைப்பில் கோளாறு எதுவும் இல்லை. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதே முறை. மற்றது, ஒவ்வொரு பொதியும் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான குறியீட்டுக் கையொப்பத்தை அது கட்டாயமாக்கியது. இன்றைய செயலிகளுக்கு இது சிறு சுமை. குறைந்த வலுவுள்ள பழைய சேமிப்புப் பெட்டிக்கு அப்படியல்ல: 100 மெகாபைற்றில் ஓடியது அதன் செயலி முழுமூச்சில் இயங்கியும் பாதிக்கு இறங்கலாம். நகலெடுக்கும்போது பெட்டியின் செயலிப் பயன்பாடு நூறு வீதத்தைத் தொடுகிறதா என்று பார்த்தால் தெரியும். கையொப்பத்தை நிறுத்திவிடும் வழி உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் கணக்குகளும் கிடக்கும் வலையமைப்பில் அதைப் பரிந்துரைக்க முடியாது.

பெயரைத் தேடிப் போகும் நேரம்

வலையமைப்பில் ஒரு கணினியைப் பெயரால் அழைத்தால், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். வின்டோஸும் மக்கும் லினக்ஸும் இதற்கு வெவ்வேறு வழிகளை வெவ்வேறு வரிசையில் முயல்கின்றன. ஒரு வழியில் பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து அடுத்ததற்குப் போகும். அந்தக் காத்திருப்புகளின் கூட்டுத்தொகையே கோப்புறை திறக்குமுன் வரும் தயக்கம். முதற் பதிப்பு எஸ்எம்பி அணைக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழைய அயற்கணினிப் பட்டியலும் கூடவே போய்விட்டது. ஆகையால் பட்டியலில் லினக்ஸ் பெட்டி தெரியவில்லை என்பது அது இணைக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது.

சோதனை மிக எளிது: பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்துத் திறக்கவேண்டும். உடனே திறந்தால் குற்றம் பெயர்த் தேடலுடையது. ரவுட்டரில் களஞ்சியக் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கி, அந்த முகவரி வழியாகவே இணைப்பெழுத்தை (பகிர்வுக்கு வின்டோஸ் தரும் வட்டு எழுத்தை) அமைத்துவிட்டால் பிரச்சினை தீரும். கூடவே பார்க்கவேண்டியது, அணைத்துவைக்கப்பட்ட ஏதோவொரு கணினியைச் சுட்டிக்கொண்டிருக்கும் பழைய இணைப்பெழுத்துகள். இல்லாத ஒன்றைக் கூப்பிட்டுக் காத்திருப்பதால் வின்டோஸின் கோப்புச் சாளரம் முழுவதுமே உறையும்.

சிறு கோப்புகள், பெரிய கோப்புறை

ஐயாயிரம் புகைப்படங்களை நகலெடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் திறத்தல், எழுதுதல், திகதி பதித்தல், மூடுதல் என உரையாடல் நடக்கிறது. ஒரு கோப்புக்கு 20 மில்லிசெக்கன் என்றாலும் நூறு செக்கன் பேச்சிலேயே கழியும். இது எல்லா முறைமைக்கும் பொதுவான சுமை. அதன்மேல் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். வின்டோஸின் கோப்புச் சாளரமும் மக்கின் ஃபைண்டரும் சிறுபடம் காட்டுவதற்காகக் கோப்புகளை வாசிக்கும். மொத்தமாக ஒரு சிப் கோப்பாக்கி அனுப்புவது பல நேரங்களில் வேகமாக இருப்பதன் இரகசியம் இதுவே.

முறைமைகளின் இயல்பு உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் ஒன்றும் இங்கு இருக்கிறது. வின்டோஸுக்குப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸின் வழமையான கோப்பு முறைமைக்கு அவை வேறு வேறு. தமிழில் அந்தப் பேதம் இல்லையே என்று ஆறுதலடையலாம். ஆனால் பெயரின் வாலில் தொங்கும் ஜேபிஜி என்ற பின்னொட்டுக்கு உண்டு. சில கமராக்கள் அதைப் பெரிய எழுத்தில் எழுதும், மென்பொருள்கள் சிறிய எழுத்தில் எழுதும். வின்டோஸ் ஒரு புதிய கோப்பை இட முயலும்போது, அதே பெயர் வேறு எழுத்து வடிவில் ஏற்கனவே இருக்கிறதா என்று உறுதிசெய்ய, சம்பா அந்தக் கோப்புறையின் பெயர்கள் அனைத்தையும் வாசித்துப் பார்க்க நேர்கிறது. ஒரே கோப்புறையில் 20,000 படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டால் ஏறத்தாழ 20 கோடிப் பெயர் ஒப்பீடுகள். அதே படங்களைக் கோப்புறைக்கு 200 என்று நூறாகப் பிரித்தால் 20 இலட்சம். நூறில் ஒரு பங்கு. "தொடக்கத்தில் வேகமாகப் போய், போகப் போக மந்தமாகிறது" என்று ஒரு கலையகம் சொன்னால், சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். வருடம், மாதம், நிகழ்வு என்று கோப்புறைகளைப் பிரிப்பது எந்த அமைப்பு மாற்றத்தையும் விடச் சிறந்த மருந்து.

வட்டிலும் ஓர் எல்லை தாண்டிய சிக்கல் உண்டு. வின்டோஸில் பயன்படுத்திய வெளி வன்றட்டை அப்படியே லினக்ஸ் பெட்டியில் செருகிப் பகிர்வதுண்டு. அதன் என்ரிஎஃப்எஸ் வடிவத்தை லினக்ஸ் நெடுங்காலம் கருநிரலுக்கு (முறைமையின் மையப் பகுதிக்கு) வெளியே இயங்கும் ஒரு மென்பொருள் மூலமே எழுதிவந்தது; வலுக்குறைந்த கணினியில் அது செயலியை உறிஞ்சும். கருநிரலுக்குள்ளேயே எழுதும் புதிய டிரைவர் 2021 இல் 5.15 பதிப்புடன்தான் வந்தது. வன்றட்டு யூஎஸ்பி 2.0 துளையில் செருகப்பட்டிருந்தால் அந்தத் துளையே செக்கனுக்கு 30 முதல் 40 மெகாபைற்றில் வேலியிட்டுவிடும். களஞ்சியத்துக்கு உள்ளே பொருத்திய, லினக்ஸின் சொந்த வடிவத்தில் அமைத்த வட்டே பொருத்தம்.

இரவுநகல் விடியும்வரை ஓடுவது ஏன்?

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்கே உரிய ஒரு கோளாறு. "கொழும்பு" என்ற சொல்லின் முதலெழுத்திலுள்ள உயிர்க்குறியை யுனிக்கோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலை. மக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைக் கட்டாயமாகப் பிரித்தே சேமித்தன. லினக்ஸ் பெயரைப் பொருள் பாராமல் பைற்றுகளின் வரிசையாகவே பார்க்கிறது. எனவே இரண்டும் வேறு வேறு கோப்புகள்.

லினக்ஸ் களஞ்சியத்திலிருந்து அத்தகைய மக் வட்டுக்கு, "மூலத்தில் இல்லாததை அழித்துவிடு" என்ற தெரிவுடன், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் ஒவ்வோர் இரவும் நகலெடுக்கிறது என்று கொள்வோம். மக் வட்டில் பிரித்துச் சேமிக்கப்பட்ட பெயர் மூலத்தில் இல்லை என்று எண்ணி அது கோப்பை அழிக்கும். பிறகு மூலத்தில் இருக்கும் கோப்பு இங்கில்லை என்று மீண்டும் நகலெடுக்கும். "யாழ்ப்பாணம்" என்று தொடங்கும் கோப்புகள் ஒரு நொடியில் தாண்டப்பட, "கொழும்பு", "கோண்டாவில்" என்று தொடங்குபவை நாள்தோறும் புதிதாக ஏறிக்கொண்டிருக்கும். பதிவேட்டைப் பார்த்தால் ஒகர, ஓகாரப் பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருவது இதன் தெளிவான அடையாளம். ஆர்சிங்கில் பெயரின் குறியாக்கத்தை மாற்றும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதை இயக்கலாம். அந்த வட்டை 2017 முதல் மக்கில் வரும் ஏபிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றினாலும் போதும். அது பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும்.